பூண் போட்ட பழைய கண்ணாடி: யார் செய்தது, எப்போது செய்தது?

பழம்பொருள் கேள்வி–பதில்

சென்ற இதழில் வெள்ளிப் பூண் போட்ட ஒயின் ஜாடி ஒன்றின் படம் வந்தது. அப்போதிருந்து "எங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று கிடக்கிறது" என்று படங்களோடு கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. அதனால் இந்த மாதம் முழுக்க இதுதான்: கழுத்திலோ மூடியிலோ அடியிலோ உலோகம் ஏறிய கண்ணாடிச் சாமான்கள். முத்திரை தெரியாத அளவுக்குப் படம் மங்கலாக இருந்தவர்களுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அவர்கள் பகல் வெளிச்சத்தில், பக்கவாட்டில் ஒரு டார்ச் அடித்து மறுபடி எடுத்து அனுப்பட்டும்.

கே: ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது கிளாரட் ஜக் (சிவப்பு ஒயின் ஜாடி) ஒன்று வாங்கினேன் சார். பட்டை தீட்டிய கண்ணாடி. கழுத்து, கைப்பிடி, மூடி மூன்றும் வெள்ளி. கழுத்தில் "ஜே.ஜி & எஸ்" என்று எழுத்து, பக்கத்தில் நடக்கிற சிங்கம், நங்கூரம், ஆங்கிலச் சின்ன எழுத்து "சி". 1860-களில் பிரான்சின் பக்காரா தொழிற்சாலையில் செய்தது என்று விற்றவர் அடித்துச் சொல்கிறார். நம்பலாமா?
— வாசகர், குன்னூர்

ப: நம்ப வேண்டாம். ஜக் தன் வயதைக் கழுத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. விற்றவர் அதைப் படிக்கவில்லை, அல்லது படித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்.

நடக்கிற சிங்கம் என்றால் ஸ்டெர்லிங், அதாவது ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, இங்கிலாந்தில் சோதித்தது. நங்கூரம் பர்மிங்காம் சோதனை அலுவலகம். லண்டன் என்றால் சிறுத்தைத் தலை இருக்கும், ஷெஃபீல்டு என்றால் 1974 வரை கிரீடம், அதற்கப்புறம் ரோஜா. செஸ்டர் என்றால் மூன்று கோதுமைக் கட்டும் ஒரு வாளும். அந்த அலுவலகத்தை 1962-இல் மூடிவிட்டார்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் இருக்கிற முத்திரைகளைவிட இல்லாத முத்திரைதான் முக்கியம். ராணியின் தலை எங்கே? 1784 கடைசியிலிருந்து 1890 வரை இங்கிலாந்தில் வெள்ளிக்கு வரி இருந்தது, வரி கட்டியாயிற்று என்பதற்கு அடையாளமாக ஆளும் அரசரின் தலையையும் சேர்த்துக் குத்துவார்கள். 1860-களில் பர்மிங்காமில் சோதித்த ஜக் என்றால் விக்டோரியாவின் தலை அதில் இருந்தே ஆக வேண்டும். உங்கள் படத்தில் அந்த இடத்தில் தேய்மானமும் இல்லை, சுத்தமாகவே இல்லை. ஆகவே 1890-க்குப் பிந்தியது.

இனி அந்த "சி". அது வருட எழுத்து, அதாவது வெள்ளியைச் சோதித்த வருடத்தைக் காட்டும் எழுத்து. பர்மிங்காமில் அது ஜூலையில் மாறும், ஆங்கிலத்தின் "ஜே"-யை விட்டுவிட்டு 25 எழுத்து ஒரு சுற்று. 1875-இல் தொடங்கிய சுற்றில் எழுத்துகள் பழைய கோதிக் பாணியில் முறுக்கிக்கொண்டு நிற்கும். 1900-இல் தொடங்கிய சுற்றில் சாதாரணச் சின்ன எழுத்து. 1925-இல் பெரிய எழுத்து. உங்களுடையது சாதாரணச் சின்ன எழுத்து, அதனால் 1902–03. கோதிக் "சி"-யும் பக்கத்தில் ராணி தலையும் இருந்தால் 1877–78 என்றிருப்பேன். எழுத்தை மட்டும் பார்த்து வருடம் சொல்பவர்கள் சறுக்குவது இங்கேதான்: எழுத்தின் வடிவம், அதைச் சுற்றியுள்ள கேடயத்தின் வடிவம், கூட எந்த ஊர் முத்திரை, எல்லாம் சேர்ந்தால்தான் வருடம். இன்னொன்று, லண்டனில் 1974 வரை ஒரு சுற்றுக்கு 20 எழுத்துதான், கடைசி எழுத்துகள் கிடையாது. "லண்டன், எக்ஸ் எழுத்து, 1880-கள்" என்று யாராவது விற்க வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடலாம்.

"ஜே.ஜி & எஸ்" என்பது பர்மிங்காமின் ஜான் கிரின்செல் அண்ட் சன்ஸ். கண்ணாடிச் சாமானுக்கு வெள்ளிப் பூண் போடுவதில் பேர்போன கம்பெனி. கவனியுங்கள், பூண் போடுவதில். கண்ணாடியை ஊதியதும் பட்டை தீட்டியதும் வேறு ஆட்கள். பர்மிங்காமுக்குப் பக்கத்திலேயே ஸ்டவர்பிரிட்ஜ் என்று ஒரு கண்ணாடி ஊர் இருக்கிறது, தாமஸ் வெப், ஸ்டீவன்ஸ் அண்ட் வில்லியம்ஸ் எல்லாம் அந்தப் பக்கம்தான். உங்களுடையதும் அங்கிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் கண்ணாடியில் பெயர் இல்லாதவரை அதற்கு மேல் சொல்வது ஜோசியம். வெள்ளி முத்திரை வெள்ளிக்கு மட்டும்தான் சாட்சி சொல்லும், கண்ணாடிக்குச் சொல்லாது. பக்காரா என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், விலையை ஏற்ற அந்தப் பெயர் உதவும், அங்கிருந்துதான்.

ஆக மிச்சம் இருப்பது ஒரே கேள்வி: இந்தப் பூண் இந்தக் கண்ணாடிக்கே செய்ததா, அல்லது எங்கோ உடைந்த ஜக்கின் பூணை எடுத்து இதில் மாட்டியதா? மூடியைத் திறந்து உள்பக்கமும் விளிம்பும் பாருங்கள். தனியாகச் செய்து சேர்த்த பாகத்திலும் குறைந்தது சிங்கமும் செய்தவர் எழுத்தும் இருக்க வேண்டும், அவை கழுத்தில் உள்ளவற்றோடு ஒத்துப்போக வேண்டும். அப்புறம், பூணும் கண்ணாடியும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். அந்தக் காலத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்துத்தான் ஒட்டுவார்கள், இடுக்கில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் பொடி தெரியும். பளபளவென்று மஞ்சள் பிசின் தெரிந்தால் யாரோ பிற்பாடு கழற்றி ஒட்டியிருக்கிறார்கள். அதற்காகத் தூக்கிப் போட வேண்டியதில்லை, ஆனால் ஏன் கழற்றினார்கள் என்று கேளுங்கள். பூணுக்குக் கீழே பட்டையின் கோலம் பாதியில் அறுந்து நின்றால், உயரமான கண்ணாடியின் உடைந்த வாயை அரைத்துக் குட்டையாக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு எச்சரிக்கை: சுண்டிப் பார்த்து மணி மாதிரி ஒலித்தால்தான் நல்ல ஈயக் கண்ணாடி என்பார்களே, பூண் போட்ட சாமானில் அந்தச் சோதனை வேலைக்காகாது. கழுத்தை உலோகமும் பிளாஸ்டரும் இறுக்கிப் பிடித்திருக்கும்போது உயர்ந்த கண்ணாடிகூட "டொக்" என்றுதான் சொல்லும்.

கே: ஐயா பர்மாவில் கொண்டுவிற்கப் போயிருந்தபோது வாங்கி வந்தது என்று ஆச்சி சொல்வார்கள். பச்சைக் கண்ணாடிக் கூஜா, அதைச் சுற்றி வெள்ளி மாதிரி ஒரு கூடு. கூட்டில் தலைமுடி கொடி மாதிரி படர்ந்த ஒரு பெண். அடியில் "டபிள்யூ.எம்.எஃப்", பக்கத்தில் சாய்சதுரத்துக்குள் ஏதோ பறவை. வெள்ளியா? கைப்பிடியில் ஒரு விரிசல் இருக்கிறது, பத்தரிடம் கொடுத்துப் பற்றவைக்கலாமா?
— வாசகி, காரைக்குடி

ப: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கூடாது, கூடவே கூடாது. இந்தக் கூடுகளில் நிறைய பிரிட்டானியா உலோகம் என்ற வெள்ளீயக் கலவையில் வார்த்தவை, மேலே வெள்ளி முலாம். அது 250 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். பத்தர் வெள்ளிக்குப் பிடிக்கிற சூட்டைப் பிடித்தாரென்றால் அந்தப் பெண்ணின் முகம் கண்ணெதிரே சொட்டிப் போகும். வெள்ளீயச் சாமான் பழக்கமுள்ளவர் கிடைக்கும்வரை விரிசல் இருந்துவிட்டுப் போகட்டும், கைப்பிடியைப் பிடித்துத் தூக்காமல் அடியைப் பிடித்துத் தூக்குங்கள்.

டபிள்யூ.எம்.எஃப் என்பது தெற்கு ஜெர்மனியில் கைஸ்லிங்கன் ஊரில் உள்ள வூர்ட்டம்பெர்க் உலோகச் சாமான் தொழிற்சாலை. 1853-இல் தொடங்கிய பட்டறை ஒன்று 1880-இல் எஸ்லிங்கனின் ரிட்டர் கம்பெனியோடு சேர்ந்துதான் இந்தப் பெயர் வந்தது. அந்தப் பறவை நெருப்புக்கோழி. நிறுவனரின் பெயர் ஷ்ட்ராப். ஜெர்மன் மொழியில் நெருப்புக்கோழிக்கு ஷ்ட்ராஸ் என்று பெயர், ஒலி ஒத்துப்போகிறது பாருங்கள். கொடி மாதிரி முடி, அல்லித் தண்டு மாதிரி வளையும் கோடு, இதெல்லாம் 1900-ஐ ஒட்டிய யுகெண்ட்ஷ்டீல் என்ற ஜெர்மன் கலைப் பாணி. கம்பெனியின் சிற்பக்கூடத்துக்கு 1884-இலிருந்து 1914 வரை ஆல்பர்ட் மேயர் என்ற சிற்பி தலைமை தாங்கினார், நீண்ட கூந்தல் பெண்கள் எல்லாம் அந்தக் காலத்துச் சரக்கு. முதல் உலகப் போர் வந்த பிறகு இந்தப் பாணிக்கு மவுசு போய்விட்டது. உங்கள் கூஜாவை 1900-க்கும் 1910-க்கும் இடையில் வைக்கலாம், ஐயா ரங்கூனில் இருந்த காலத்தோடு அது பொருந்துகிறதா என்று வீட்டில் விசாரியுங்கள். கம்பெனி 1906-இல் ஆங்கிலத்தில் படங்களோடு ஒரு விற்பனைப் பட்டியல் வெளியிட்டது, அதன் மறுபதிப்புகள் கிடைக்கின்றன. உங்கள் கூஜாவின் படமும் அதில் இருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

வெள்ளியா என்றால், மேல்தோல் மட்டும் வெள்ளி. நம் ஊரில் ஜெர்மன் சில்வர் என்று சொல்கிறோமே, செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை, அது வேறு. அதில் பெயரைத் தவிர ஒரு குண்டுமணி வெள்ளிகூடக் கிடையாது. ஜெர்மனியில் செய்த அசல் வெள்ளிக்கு 1888-இலிருந்து பிறைநிலாவும் கிரீடமும், கூட 800 போன்ற எண்ணும் இருக்கும். உங்கள் கூஜாவில் அவை இல்லை.

கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை. 1883-இலேயே கைஸ்லிங்கனில் சொந்தக் கண்ணாடி உலை வைத்துவிட்டார்கள், ஆகவே கூடும் கண்ணாடியும் ஒரே வளாகத்தில் பிறந்திருக்கலாம். ஆனால் கண்ணாடி உடையும், கூடு உடையாது, அதனால் பச்சைக் கண்ணாடியைப் புதிதாக ஊதிப் போடுவது சகஜம். கூட்டின் வளைவுக்குள் கண்ணாடி ஆடாமல் உட்காருகிறதா, வாய் விளிம்பை அரைத்து மெருகேற்றியிருக்கிறதா, கூடு தொடும் இடங்களில் மட்டும் கண்ணாடியில் மெல்லிய தேய்மானக் கோடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நூறு வருடம் ஒன்றோடொன்று உரசியதற்குத் தழும்பு இல்லாமல் போகாது.

கே: அம்மம்மாவின் பிஸ்கட் ஜாடி இப்போது என்னிடம். கண்ணாடி உடம்பு, மேலே உலோக மூடி, தூக்கிச் செல்ல வளைந்த கைப்பிடி. மூடியில் சின்னச் சின்னக் கட்டங்களில் "ஈ.பி.என்.எஸ்", முக்கோணக் கொடி மாதிரி ஒன்றுக்குள் "டபிள்யூ & எச்", அப்புறம் "ஆர்.டி" போட்டு 231 என்று தொடங்கும் ஆறு இலக்க எண். கொழும்பில் ஒருவர் 1750 என்கிறார்.
— வாசகி, யாழ்ப்பாணம்

ப: 1750-இல் இந்த முறையில் முலாம் பூச வழியே இல்லை. ஈ.பி.என்.எஸ் என்றால் நிக்கல் கலவையின் மேல் மின்சாரத்தில் பூசிய வெள்ளி. பர்மிங்காமின் எல்கிங்டன் அதற்குக் காப்புரிமை வாங்கியதே 1840-இல்தான். அதற்கு முன் இருந்த பழைய ஷெஃபீல்டு முலாம் வேறு வேலை. செம்புக் கட்டியின் மேல் வெள்ளித் தகட்டைச் சூட்டில் இணைத்துப் பிறகு தகடாக இழுப்பார்கள், தேய்ந்த இடத்தில் சிவப்பாகச் செம்பு எட்டிப் பார்க்கும். உங்கள் மூடியில் தேய்ந்த இடம் மஞ்சள் கலந்த சாம்பல் நிறம், அது நிக்கல் கலவை.

அந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். வெள்ளி முத்திரை மாதிரியே கேடயம் கேடயமாக வரிசையாகக் குத்தி வைப்பார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் ஸ்டெர்லிங் மாதிரி இருக்கும், கிட்டே போய்ப் படித்தால் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு ஆங்கில எழுத்து. வேண்டுமென்றே செய்ததுதான். சிங்கம் இல்லையென்றால் இங்கிலாந்தின் பழைய ஸ்டெர்லிங் இல்லை, இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

கொடிக்குள் "டபிள்யூ & எச்" என்பது ஷெஃபீல்டின் வாக்கர் அண்ட் ஹால். "ஆர்.டி" எண் வடிவமைப்புப் பதிவு எண். 1884 ஜனவரியில் 1-இலிருந்து எண்ணத் தொடங்கினார்கள், 1890 தொடக்கத்தில் 1,41,000-ஐத் தாண்டியது, 1900 தொடக்கத்தில் 3,51,000-ஐத் தாண்டியது. 231 என்று தொடங்கும் ஆறு இலக்கம் 1894-இல் விழுகிறது. ஆனால் இது அந்த வடிவத்தைப் பதிந்த வருடம். நன்றாக விற்கிற வடிவத்தைப் பத்துப் பதினைந்து வருடம்கூட விடாமல் செய்வார்கள். "1894-க்கு முந்தியதல்ல" என்று எழுதி வையுங்கள், "1894" என்று எழுத வேண்டாம். பதிவேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. முழு எண்ணைக் கொண்டு தேடினால் பதிந்தவர் யார் என்று தெரியும். அது வாக்கர் அண்ட் ஹால் என்றால் மூடி வடிவத்துக்கான பதிவு, ஒரு கண்ணாடிக் கம்பெனி என்றால் உடம்புக்கான பதிவு, அப்படி அமைந்தால் உங்களுக்குக் கண்ணாடி செய்தவரின் பெயரே இலவசமாகக் கிடைத்துவிடும்.

எண்ணுக்குப் பதிலாக ஒரு சாய்சதுரமும் மூலைகளில் எழுத்துகளும் இருந்தால் 1842–1883 காலம். அதன் உச்சியில் வட்டத்துக்குள் ரோம எண் ஒன்று என்றால் உலோகத்துக்கான பதிவு, மூன்று என்றால் கண்ணாடிக்கு. பூண் போட்ட சாமானில் இந்த ஒரு எண் மிகவும் உதவும்.

கே: வெள்ளிப் பூணை விபூதி போட்டுத் தேய்க்கலாமா? வீட்டில் குத்துவிளக்கு, கும்பா எல்லாம் அப்படித்தான் தேய்க்கிறோம்.
— வாசகி, கும்பகோணம்

ப: கும்பாவுக்குச் சரி. இதற்கு வேண்டாம். விபூதியாக இருந்தாலும் சாம்பலாக இருந்தாலும் அரம் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளியை எடுக்கும், முதலில் காணாமல் போவது முத்திரைதான், முத்திரை போனால் வயதும் போச்சு, செய்தவர் பெயரும் போச்சு. முலாம் என்றால் இரண்டு தீபாவளிக்குள் மஞ்சள் பல்லிளிக்கும். புளித் தண்ணீரில் ஊறப்போடுவது அதைவிட மோசம், ஈரம் பூணுக்குள் இறங்கிப் பிளாஸ்டர் ஊறும், பிறகு மூடியோடு கழுத்தே கையில் வந்துவிடும். மெல்லிய பருத்தித் துணி, வெள்ளிக்கென்று விற்கிற பாலிஷ் துளி, முத்திரை மேல் படாமல். கண்ணாடியை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

கே: பிரெஞ்சுக்காரர் வீட்டில் வேலை பார்த்த எங்கள் தாத்தாவுக்குக் கிடைத்த சென்ட் பாட்டில். வெள்ளி மூடியில் தலைக்கவசம் போட்ட பெண் தலை, மிகச் சின்னது, பக்கத்தில் சாய்சதுரத்துக்குள் இரண்டு எழுத்து. அடியில் கண்ணாடியில் வட்டமாக "பக்காரா" என்று மங்கலாகப் பொறித்திருக்கிறது. 1870 என்று நினைக்கிறோம்.
— வாசகர், புதுச்சேரி

ப: பெண் தலை ரோமானியத் தேவதை மினர்வா, பிரான்ஸ் 1838-இலிருந்து பயன்படுத்திய வெள்ளி முத்திரை. லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பாருங்கள், முகத்துக்குப் பக்கத்தில் 1 அல்லது 2 என்ற எண் தெரியும். 1 என்றால் ஆயிரத்துக்கு 950, அதாவது இங்கிலாந்து ஸ்டெர்லிங்கைவிட உசத்தி, 2 என்றால் 800. சாய்சதுரம் செய்தவருடையது, பிரான்சில் வெள்ளி வேலை செய்தவர் சாய்சதுரத்துக்குள்தான் தன் எழுத்தைப் போட வேண்டும் என்பது சட்டம், முலாம் வேலைக்குச் சதுரக் கட்டம். இந்த வித்தியாசம் தெரிந்தால் கிறிஸ்டோஃப்ள் கம்பெனியின் முலாம் சாமானை வெள்ளி என்று யாரும் உங்கள் தலையில் கட்ட முடியாது. சாய்சதுரத்துக்குள் இரண்டு எழுத்துக்கு நடுவில் ஒரு சின்ன உருவம் இருக்கும், நட்சத்திரமோ பூவோ பறவையோ. எழுத்து மட்டும் போதாது, ஒரே எழுத்துக்காரர்கள் பலர் இருந்தார்கள்; அந்த உருவம்தான் ஆளைக் காட்டிக் கொடுக்கும். அதைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

சிக்கல் கண்ணாடியில்தான் இருக்கிறது. பக்காரா 1764-இல் தொடங்கிய தொழிற்சாலை, ஆனால் நெடுங்காலம் அவர்கள் காகிதச் சீட்டு ஒட்டித்தான் விற்றார்கள், சீட்டு எப்போதோ கழுவிப் போயிருக்கும். வார்ப்பில் செய்த சில சாமான்களில் பெயர் புடைத்து நிற்கும். அமிலத்தில் பொறித்த வட்ட முத்திரையை எல்லாச் சாமானிலும் போடத் தொடங்கியது 1936-இல். ஆகவே உங்கள் பாட்டிலில் இருப்பது அந்த வட்டம் என்றால், 1870 என்பது போய்விட்டது. மினர்வா அதற்குப் பிறகும் நெடுங்காலம் இருந்தவள், அவள் சண்டைக்கு வர மாட்டாள். தாத்தா எந்த வருடம் வேலைக்குச் சேர்ந்தார் என்பதைப் பாருங்கள், அதுதான் மிச்சத்தைச் சொல்லும். 1930-களின் கடைசி என்றால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது, வருத்தப்பட எதுவும் இல்லை, அருமையான பாட்டில்.

இதே வரிசையில் இன்னொரு வழி: நாட்டின் பெயர். அடியில் "செக்கோஸ்லோவாக்கியா" என்றிருந்தால் 1918-க்கு முன் போக முடியாது, அப்படி ஒரு நாடே கிடையாது. "மேற்கு ஜெர்மனி" என்றால் 1949-க்குப் பின், 1990-க்கு முன். பூண் எவ்வளவு பழசாகத் தெரிந்தாலும் இந்த எல்லையை அது தாண்டாது.

கே: நான்கு சின்ன வெள்ளிக் கிண்ணங்கள், துளை போட்ட வேலைப்பாடு, உள்ளே நீலக் கண்ணாடிக் குப்பி. எதற்கு? நான்கில் ஒரு நீலம் மட்டும் கொஞ்சம் வெளிறியிருக்கிறது.
— வாசகர், திருச்சி

ப: உப்புக்கு. உப்பு வெள்ளியை அரித்துக் கறுப்பும் பச்சையுமாகப் புள்ளி விழ வைக்கும், அதனால் நடுவில் கோபால்ட் போட்ட நீலக் கண்ணாடி. துளை வழியாக நீலம் தெரிவது கண்ணுக்கு அழகு என்பதும் ஒரு காரணம்தான். 18-ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து இங்கிலாந்தில் இது வழக்கம்.

அந்த வெளிறிய குப்பி மாற்றியது. பொதுவாகப் பழைய குப்பியின் வாயை அரைத்துத் தட்டையாக்கியிருப்பார்கள், அடியில் கையால் வெட்டிய நட்சத்திரம் இருக்கும், நான்கையும் சேர்த்து வைத்தால் உயரத்தில் மயிரிழை வித்தியாசம் இருக்கும். புதுசின் வாய் உருண்டு வழவழவென்று இருக்கும். மாற்றுக் குப்பியால் கிண்ணத்தின் மதிப்பு பெரிதாகக் குறையாது, எல்லோர் வீட்டிலும் குப்பி உடையும். நான்கு கிண்ணத்தின் வருட எழுத்தும் ஒன்றா என்று மட்டும் பாருங்கள். இரண்டு இரண்டாகச் சேர்த்த செட்டு நிறைய உண்டு.

கே: மரச் சட்டத்தில் மூன்று கண்ணாடிக் குப்பிகள், மேலே உலோகக் கம்பி, பூட்டு. பூட்டைத் திறக்காமல் குப்பியை எடுக்க முடியவில்லை. சாவி இல்லை.
— வாசகர், வால்பாறை

ப: இதற்குப் பெயர் டான்டலஸ். துரைமார் விஸ்கி, பிராந்தி வைத்துக்கொண்டது. பார்க்கலாம், எடுக்க முடியாது. சமையல்காரர் மீது இருந்த நம்பிக்கை அவ்வளவு! லண்டனின் பெட்ஜமன் கம்பெனி 1881-இல் காப்புரிமை எடுத்தது, கம்பியிலோ பூட்டிலோ அந்தப் பெயர் குத்தியிருக்கிறதா என்று தேடுங்கள் (ஆங்கிலக் கவிஞர் ஜான் பெட்ஜமன் இந்தக் குடும்பத்தில் பிறந்தவர்). பெயர் இல்லையென்றால் அதைப் பார்த்துச் செய்த எத்தனையோ பட்டறைகளில் ஒன்று. பூட்டை உடைக்காதீர்கள், பழைய பூட்டுக்குச் சாவி போடும் ஆளை வீட்டுக்கு வரவழையுங்கள். திறந்த பிறகு ஒவ்வொரு அடைப்பானின் அடியிலும் அதன் குப்பியின் கழுத்திலும் ஊசியால் கீறியது போல ஒரு எண் இருக்கிறதா பாருங்கள். இரண்டும் ஒரே எண் என்றால் ஜோடி மாறவில்லை.

கே: "பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்" என்று பூணில் இருக்கிறது, வேறு முத்திரை எதுவும் இல்லை. போலியா?
— வாசகர், சென்னை

ப: இல்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் இங்கிலாந்து மாதிரி கட்டாயச் சோதனை அலுவலகம் கிடையாது, அதனால் சிங்கமும் வருட எழுத்தும் இல்லாமல் இருப்பதுதான் இயல்பு. மவுண்ட் ரோட்டின் பி. ஆர், கல்கத்தாவின் ஹாமில்டன் போன்றவர்கள் தங்கள் பெயரை மட்டும் குத்தினார்கள். பூணில் சாமி உருவங்கள் எடுப்பாக இருந்தால் அது மெட்ராஸின் பேர்போன "சுவாமி" வேலை. வருடத்தைப் பாணியை வைத்தும், யாருக்காவது பரிசாகக் கொடுத்த வாசகம் பொறித்திருந்தால் அதை வைத்தும்தான் பிடிக்க வேண்டும்.

கே: மாமனார் வீட்டு ஜக் லண்டன் ஏலத்தில் நல்ல விலைக்குப் போகும் என்கிறார்கள். அனுப்பலாமா? இங்கே நகைக்கடையில் விற்கலாமா?
— வாசகர், மதுரை

ப: அனுப்புவதற்கு முன் 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்தைப் பாருங்கள். நூறு வருடத்துக்குக் குறையாத கலை, கைவினைப் பொருள்கள் அதற்குள் வரும், தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. இங்கிலாந்தில் செய்ததுதானே என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். உங்கள் ஜக் அதற்குள் வராது என்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் அப்படிச் சான்றிதழ் வாங்கிய பிறகே பார்சல் கட்டுங்கள். முத்திரையை வைத்து வருடம் கண்டுபிடிப்பது இங்கே சும்மா பொழுதுபோக்கு இல்லை, 1924-ஆ 1934-ஆ என்பதில் எல்லாமே மாறும்.

நகைக்கடையில் எடைக்குத்தான் எடுப்பார்கள். பூண் கண்ணாடியோடு ஒட்டியிருப்பதால் எடை போட வேண்டுமானால் கண்ணாடியைத் தட்டி எடுக்க வேண்டும் என்பார்கள். சிலர் கேட்காமலேயே சுத்தியலை எடுப்பார்கள், அதனால் ஜக்கைக் கொண்டு போகாதீர்கள். பல பக்கத்திலிருந்தும் படம் எடுத்து, முத்திரையைத் தனியாகக் கிட்டத்தில் எடுத்து, பழம்பொருள் வாங்குபவர்கள் இரண்டு மூன்று பேரிடம் காட்டி விலை கேளுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போனால் ஒரே நாளில் பல கடை ஏறி இறங்கிவிடலாம்.